மழை விட்ட இருபது நிமிஷம்

பறவை பார்க்கப் போகிற காலையில் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? போர்வையை இழுத்து மூடிக்கொள்வீர்கள். போன பங்குனிக் கடைசி ஞாயிறு வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான். இப்போது கட்சி மாறிவிட்டேன். பேப்பரில் ‘கோடை மழைக்கு வாய்ப்பு’ என்று ஒரு வரி பார்த்தால் போதும், பைனாகுலரைத் துடைக்க உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். போனக்காட்டில் அன்றைக்கு நான் பார்த்ததை நீங்களும் பார்த்திருந்தால் இப்படித்தான் ஆகியிருப்பீர்கள்.

எங்கள் வீடு திருவனந்தபுரத்தில், கரமனையில். கொல்லைக்கு நாலு வீடு தள்ளி ஆறு. அந்த ஆறு அகத்தியமலைச் சரிவில் பிறந்து 68 கிலோமீட்டர் ஓடிக் கோவளத்துக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. போனக்காடு அதன் பிறந்த வீட்டுப் பக்கம். நகரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இத்தனை வருஷமாக நாங்கள் தட்டேக்காட்டுக்கும் வால்பாறைக்கும் ஓடிக்கொண்டிருந்தோம். உள்ளூர்க் கோயிலுக்கு யார் போகிறார்கள்!

போன ஆட்கள் ஐந்து பேர். நான், மனைவி, பன்னிரண்டு வயது மூத்தவள், ஆறு வயதுச் சின்னவன், அப்புறம் ஆச்சி. ஆச்சி என்றால் என் அம்மா. பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிக் கரை. வயது எழுபத்து நான்கு, இரண்டு முழங்காலும் தகராறு. “காக்கா குருவியப் பாக்க அவ்வளவு தொலவு எதுக்குய்யா?” என்று முந்தின நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, விடியற்காலை நாலு மணிக்கு எங்களுக்கு முன்னால் குளித்து, இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டி, வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு காரின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தச் செல்லத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நெடுமங்காடு தாண்டும்போது தூற்றல். விதுரா வந்தபோது கொட்டுகிறது. ஜெர்சி ஃபார்ம் பக்கம் வைப்பர் ஓடியும் ரோடு தெரியவில்லை. காணித்தடம் செக்போஸ்ட்டில் வண்டி நம்பர் எழுதிக்கொண்ட வனக்காவலர் எங்கள் கழுத்தில் தொங்கிய பைனாகுலர்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையிலேயே எல்லாம் இருந்தது. “திரும்பிரலாமா?” என்றேன். “சாலிம் அலி திரும்பியிருப்பாரா?” என்றாள் மனைவி. பின் சீட்டிலிருந்து இப்படித்தான் வரும். 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களுக்காகச் சாலிம் அலி பறவைக் கணக்கெடுப்புக்கு வந்தபோது அவர் மனைவி தெஹ்மினாவும் கூடவே காடு காடாக அலைந்தார். அதைப் படித்த நாளிலிருந்து என் மனைவிக்கு தெஹ்மினா ஒரு மேற்கோள். கேஸ் சிலிண்டர் தீர்ந்தாலும் தெஹ்மினாதான்.

எங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது கேரளப் பறவை அட்லஸ் நாட்களில். 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுக்கத் தன்னார்வலர்கள் கட்டம் கட்டமாகப் போய்ப் பறவைகளை எண்ணினார்கள். ஒரு பட்டியலுக்குப் பதினைந்து நிமிஷம். பதினைந்து நிமிஷத்தில் என்ன தெரியும் என்று அப்போது முணுமுணுத்திருக்கிறேன். அந்த வாயைத்தான் அன்றைக்குப் போனக்காடு அடைத்தது.

போனக்காடு ஒரு பழைய தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரர் எழுத்துகளில் ‘போன் அக்கார்ட்’ என்றிருக்கும். பிரெஞ்சில் அதற்கு நல்லிணக்கம் என்று பொருள். மலையாள நாக்கும் தமிழ் நாக்கும் சேர்ந்து அதைப் போனக்காடு ஆக்கிவிட்டன, அதுவும் பொருத்தமாகவே இருக்கிறது. தேயிலை போய்க் காடு வந்துகொண்டிருக்கிற இடம். ஃபேக்டரி பூட்டிக் கிடக்கிறது, ஜன்னல் கண்ணாடி பாதி இல்லை. வெட்டுவார் இல்லாத தேயிலைச் செடிகள் இடுப்பளவை விட்டு ஆள் உயரம், இரண்டாள் உயரம் என்று மரமாகிவிட்டன. தேயிலைக்கு உண்மையில் பட்டை உண்டு, கிளை உண்டு, அது ஒரு மரம் என்று அங்கேதான் பார்த்தேன். யூடியூபர்கள் இங்கே ஒரு பங்களாவில் பேய் இருப்பதாகச் சொல்லி ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு அலைகிறார்கள். பேய் பார்க்கிற கண்ணால் ஒரு முறை மரத்தையும் பார்த்திருக்கலாம்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. பலர் வீட்டில் தமிழ்தான். மழைக்கு ஒதுங்க இடம் தேடி ஒரு லயத்துத் திண்ணையில் ஏறினோம். ஆச்சி வயதுள்ள ஒரு பாட்டி கதவைத் திறந்து, “நனையாம உள்ள வாங்க, பிள்ளைகள உள்ள விடுங்க” என்று தமிழிலேயே கூப்பிட்டார். அடுத்த பத்து நிமிஷத்தில் கையில் கட்டன் சாயா. அந்தப் பாட்டியின் அம்மா வழி அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். அவ்வளவுதான்! ஆச்சிக்கு மழையும் மறந்தது, முழங்காலும் மறந்தது. “அப்போ நீங்க எங்க ஊருல்லா!” வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து அந்தப் பாட்டிக்கு இரண்டு இட்லி எடுத்து வைத்தார். பைனாகுலரில் ஆவி படிந்து, நோட்டு ஈரமாகி, தகரக் கூரையில் மழை அறைகிற சத்தத்தில் ஒரு பறவையும் கேட்காமல் நான் எரிச்சலில் இருந்தேன். ஆச்சியோ யார் வீட்டுக் கொழுந்தியாள் யாருக்கு வாக்கப்பட்டாள் என்று மலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

அந்தச் சத்தத்துக்குள்தான் திடீரென்று ஆச்சி கையை உயர்த்தினார். “சும்மா இருங்க. ஆறுமணிக் குருவி கத்துது.”

மணி எட்டரை! எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மழை ஒரு மூச்சு தணிந்தபோது கேட்டது, தேயிலைக்குள்ளிருந்து, இரண்டு சுருதி விசில். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்களே, அதே ஆறுமணிக் குருவிதான். வடக்கே இருந்து குளிர்காலத்துக்கு வந்து நம் தோப்புகளில் தங்கிவிட்டுச் சித்திரையில் திரும்பிப் போகும். விடியலிலும் அந்தியிலும் சரியாகக் கத்துவதால் அந்தப் பெயர். மழை இருட்டில் அதற்கு நேரம் குழம்பிவிட்டது. “பாவம், வாட்ச் நனைஞ்சிருச்சு போல” என்றான் சின்னவன். ஊருக்குக் கிளம்பப் போகிற பறவை, இந்த வருஷத்துக்கு அநேகமாக அதுதான் கடைசிக் குரல். எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அப்புறம் மழை நின்றது. படிப்படியாக நிற்கவில்லை, பக்கத்து வீட்டில் யாரோ குழாயை மூடினாற்போல் நின்றது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். மேகத்தில் ஒரு கிழிசல், அதிலிருந்து ஒரு துண்டு வெயில் ஃபேக்டரி முற்றத்தில் விழுந்தது. அந்த வெயில் விழுந்த மண்ணிலிருந்து...

ஈசல்!

முதலில் புகை என்று நினைத்தேன். ரோட்டோரம் ஒரு புற்றுக் கண்ணிலிருந்து பிதுங்கிப் பிதுங்கி வருகின்றன, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்தி முடிந்து வாசலில் நெருக்குகிற கூட்டம் மாதிரி. உடம்பை விடப் பெரிய கண்ணாடி இறக்கை, ஈரத்தில் ஒட்டிக்கொண்டதை விரிக்க ஒரு நிமிஷம் தள்ளாடி, அப்புறம் சரசரவென்று மேலே. கோடை மழைக்காகவே புற்றுக்குள் காத்திருந்தவை. மண் நெகிழ்ந்து, காற்று ஈரமாகி, இறக்கை காயாமல் இருக்கும் இந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பறந்து, ஜோடி சேர்ந்து, இறக்கையை உதிர்த்து, புதுப் புற்று தொடங்க வேண்டும். “இதப் பச்சரிசியோட வறுத்துத் தின்னா என்னமா இருக்கும் தெரியுமா” என்று ஆச்சியும் லயத்துப் பாட்டியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்தச் சுவை தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை. காடு முழுக்கத் தெரிந்திருந்தது.

முதலில் வந்தது துடுப்புவால் கரிச்சான். வாலில் இரண்டு நீளக் கம்பி, நுனியில் ஒவ்வொரு துடுப்பு. பறக்கும்போது பின்னால் இரண்டு வண்டு துரத்துகிற மாதிரியே இருக்கும். மலையாளத்தில் இதன் பெயர் காடுமுழக்கி. முழக்கிக்கொண்டே வந்தது! வல்லூறு மாதிரி ஒரு குரல், அணில் மாதிரி ஒரு குரல், இது எதுவுமே இல்லாத ஒரு வெங்கல மணிக் குரல். அதன் பின்னால் வந்த ஊர்வலத்தை என்னவென்று சொல்ல! ஆரஞ்சு மின்சிட்டுகள், ஆணெல்லாம் கங்கு, பெண்ணெல்லாம் மஞ்சள், சில்வர் ஓக் மரத்தில் யாரோ சீரியல் பல்பு போட்டதுபோல். செந்தலைப் பஞ்சுருட்டான்கள் கம்பியிலிருந்து அம்பாகக் கிளம்பி, காற்றில் ஒரு ‘டக்’, திரும்பவும் கம்பி. அந்த ‘டக்’ சத்தம், அலகு மூடுகிற சத்தம், எங்களுக்குத் திண்ணைவரை கேட்டது. மஞ்சள் புருவக் கொண்டைக்குருவிகள். சாம்பல் காட்டுக்கோழிச் சேவல் ஒன்று தேயிலைக்குள்ளிருந்து ரோட்டுக்கே ஓடி வந்து, கழுத்தில் மெழுகுப் பொட்டு வைத்த இறகுகள் மினுங்க, மானம் மரியாதை பார்க்காமல் ஈசலைக் கொத்தியது. வழக்கமாக இந்தச் சேவலின் குரலைத்தான் கேட்போம், வாலைக்கூடக் காட்டாது. பசி எல்லோரையும் சமமாக்கிவிடுகிறது.

மூத்தவள் எழுதிக்கொண்டே இருக்கிறாள். பேனா ஈரத்தில் எழுதவில்லை என்று பென்சிலுக்கு மாறினாள். நான் ஒரு பைனாகுலரை வைத்துக்கொண்டு பரிதாபமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாங்கும்போது ஆவி படியவே படியாது என்று சொல்லித்தான் விற்றார்கள். மனைவி தன் பருத்திப் புடவைத் தலைப்பைக் கொடுத்தாள். அதுவும் ஈரம். கடைசியில் கண்ணால்தான் பார்த்தேன், நீங்களும் அதையே செய்யுங்கள்.

“அப்பா, அங்க ஒரு செவப்பு. அசையவே இல்ல.” சின்னவன் சொன்னான். எங்கே என்று கேட்டால் “அங்க” என்கிறான். ஆறு வயதுக்காரனிடம் திசை கேட்பது ஒரு கலை. நான் அவன் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டு, அவன் விரலை என் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். இருபதடி தூரத்தில், ஃபேக்டரிச் சுவரை ஒட்டிய மரத்தின் நடுக்கிளையில், தீக்காக்கை!

நீங்கள் பறவை பார்க்கிறவராக இருந்தால் இந்த இடத்தில் நான் நிறுத்திவிடலாம், மிச்சம் உங்களுக்கே புரியும். பார்க்காதவருக்குச் சொல்கிறேன். ஆண் தீக்காக்கைக்குக் கரிய தலை, கரிய மார்பு, அதற்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை, பட்டைக்குக் கீழே அடிவயிறு முழுக்கச் சிவப்பு. குங்குமமா, செம்பருத்தியா, அடுப்புத் தணலா, ஒன்றும் ஒத்துவரவில்லை. முதுகு மட்டும் மரப்பட்டைப் பழுப்பு. முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டால் பத்தடியிலும் தெரியாது. அதனால்தான் பலபேர் பல வருஷம் தேடியும் பார்த்ததில்லை. அன்றைக்கு எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஒரு சொட்டு நீர் அதன் அலகு நுனியில் திரண்டு, தொங்கி, விழுந்தது. அது தலையை மெல்ல, ரொம்ப மெல்லத் திருப்பியது. கிளம்பியது, ஈசல் ஒன்றைக் காற்றில் எடுத்தது, அதே கிளைக்குத் திரும்பி வந்தது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது என்று எழுதினால் மிகை என்பீர்கள். மனைவி என் கையைக் கிள்ளிய தழும்பு இரண்டு நாள் இருந்தது, அது மிகையில்லை.

அதற்குள் பள்ளத்தில் ஓடைச் சத்தத்துக்கு மேலே ஒருவர் விசிலடிக்கத் தொடங்கினார். ஒருவர் என்றுதான் சொல்ல வேண்டும். வேலை வெட்டி இல்லாத பையன் சினிமாப் பாட்டு ஞாபகம் வராமல் மெட்டைத் தடவித் தடவிப் பார்ப்பானே, அப்படி. சீகாரப் பூங்குருவி. மலையாளத்தில் சூளக்காக்க. மழைதான் இதற்கு வாத்தியம் எடுத்துக் கொடுக்கிறது; கோடை மழையில் ஒத்திகை, தென்மேற்குப் பருவம் வந்தால் கச்சேரி. ஆச்சி தலையாட்டிக்கொண்டே கேட்டார். “நல்லாத்தான் பாடுது. முடிக்கத்தான் தெரியல.” இதைவிடக் கச்சிதமான விமர்சனம் எந்த டிசம்பர் சீசனிலும் நான் படித்ததில்லை.

தூரத்தில் நாலு சுரத்தில் ஒரு குயில் வகை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே அதை விஷுப்பட்சி என்பார்கள். விஷு நெருங்கும்போது குரல் கொடுக்கும். “சக்கைக்குப்புண்டோ?” என்று கேட்கிறதாம், பலாக்காய்க்கு உப்பு இருக்கா என்று. ரோட்டோரக் கொன்றை மஞ்சள் மஞ்சளாகத் தயாராக நிற்க, மரத்தில் பலா தொங்க, பறவை உப்பு விசாரிக்க, பண்டிகைக்கு இதைவிட என்ன அழைப்பிதழ் வேண்டும்?

எல்லாவற்றுக்கும் சிகரம் இன்னும் வரவில்லை. சத்தம்தான் முதலில் வந்தது. புஸ்... புஸ்... புஸ்... பழைய செங்கோட்டை மீட்டர்கேஜ் ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி. லயத்துப் பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “மலமுழக்கி” என்றார், தபால்காரர் வந்துட்டார் என்கிற குரலில்.

மலை இருவாச்சி. கேரளத்தின் மாநிலப் பறவை. தலைக்கு மேலே, நேராக. அந்தச் சிறகின் காற்று மரத்தில் நின்ற மழைத் துளியை எல்லாம் எங்கள் மேல் உதிர்த்துவிட்டுப் போனது என்று சின்னவன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். எதிரே நின்ற பட்ட மரத்தின் உச்சியில் இறங்கி, சிறகை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, ஈரம் உலர்த்த உட்கார்ந்தது. பைனாகுலர் அப்போதுதான் தெளிந்தது. அதற்கும் மரியாதை தெரிகிறது! பார்த்தேன்: மேலே தொப்பி கவிழ்த்த மாபெரும் அலகு, சிவந்த கண், ஆண். தலையைப் பின்னால் திருப்பி வாலடியில் இருக்கிற சுரப்பியில் அலகைத் தேய்க்கிறது. அந்த மஞ்சள் எண்ணெயைக் கழுத்திலும் சிறகின் வெள்ளைப் பட்டையிலும் பூசுகிறது. நிதானமாக, இடுக்கு விடாமல். பைனாகுலரை ஆச்சி கண்ணில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. “மஞ்ச தேச்சுக் குளிக்கி” என்றார் கடைசியில். அதுதானே நடந்தது!

“இதோட ஜோடி எங்க?” என்றாள் மூத்தவள். சொன்னேன். இந்தக் காலத்தில் பெண் ஏதோ ஒரு பெருமரப் பொந்துக்குள் இருக்கும். வாசலை எச்சத்தாலும் சக்கையாலும் அடைத்து, அலகு நீட்ட மட்டும் ஒரு கீறல் விட்டு, உள்ளே முட்டையோ குஞ்சோ. ஆண்தான் ஆலும் அத்தியும் தொண்டையில் நிரப்பிக்கொண்டு போய் ஒவ்வொரு பழமாக எடுத்து ஊட்ட வேண்டும். இதற்கு ஏதாவது ஆனால் உள்ளே இருப்பவர்கள் கதி அதோகதி. “அப்போ அம்மா மட்டும் ஜெயில்ல கெடக்கணுமா?” மூத்தவள் சீறினாள். “ஜெயில் என்னட்டி, பெத்தவ நாப்பது நாள் அக்கடான்னு கெடந்தா. அதுல அவன் சமைச்சும் போடுதான். ஒங்க தாத்தா ஒரு வெந்நி வச்சுத் தந்ததில்ல” என்றார் ஆச்சி. லயத்துப் பாட்டி வாயில் இட்லியோடு சிரித்துப் புரையேறிவிட்டது.

இருவாச்சி மஞ்சள் பூசி முடித்து, தொண்டையில் ஏதோ உருள, கிளம்பியது. ஒரே திசையில், தாமதிக்காமல். எங்கே போகிறது என்று பின்னால் போகவில்லை. போகவும் கூடாது, கூட்டைத் தேடிப் போகிற மனிதக் காலடிதான் அதற்குப் பெரிய தொல்லை.

அப்போதுதான் மனைவி “ஐயோ ரத்தம்” என்றாள். என் காலில் மூன்று, அவள் காலில் ஐந்து, சின்னவன் கழுத்தில் ஒன்று. அட்டை! பார்த்துக்கொண்டே நின்றதில் ஒருவருக்கும் தெரியவில்லை. உப்புப் பொட்டலம் காரில். ஆச்சி பதறாமல் செல்லத்தைத் திறந்தார். சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்து, அட்டையின் வாயருகில் ஒரு பொட்டு. சுருண்டு விழுந்தது. ஒன்பதுக்கும் ஒன்பது பொட்டு. பிறகு அதே விரலை வெற்றிலையில் துடைத்து, மடித்து, வாயில் போட்டுக்கொண்டார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுபடி மழை. கடிகாரத்தைப் பார்த்தேன். இடைவெளி இருபது நிமிஷம். நோட்டில் 37 இனங்கள்.

அகத்தியர்கூடம், 1,868 மீட்டர், மேகத்துக்குள் எங்கேயோ இருந்தது. கடைசிவரை முகம் காட்டவில்லை. மேலே சோலைக்காடுகளில் அகத்தியமலைத் தொடரைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத சோலைக்கிளி ஒன்று இருக்கிறது. தனி இனம் என்று 2017-இல்தான் பெயர் வைத்தார்கள். அதற்கு மலையேற வேண்டும், அனுமதி வேண்டும், முழங்கால் வேண்டும். 2018-இல் உயர்நீதிமன்றம் சொல்லி, 2019 ஜனவரியிலிருந்து பெண்களும் ஏறுகிறார்கள் என்று ஆச்சியிடம் சொன்னேன். “அந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கையில பொதிகைன்னு கும்பிட்ட மலை. இந்தப் பக்கம் வந்து அதோட முதுகத்தான் பாக்கப்போறோம்னு நெனச்சேன், அதுவும் காட்டல” என்றார். மூத்தவளைப் பார்த்தார். “நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு.”

புறப்படும்போது இரண்டு பாட்டிகளும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதில் அரை மணி நேரம் போனது. ஆச்சியின் செல்லத்தில் பாதி வெற்றிலை லயத்துக்கு மாறியது. எங்கள் காரில் ஒரு பை நிறைய மிளகு ஏறியது.

மறுநாள் சாயங்காலம் கரமனைப் படித்துறையில் ஆச்சி உட்கார்ந்திருந்தார். ஆறு லேசாகக் கலங்கி ஓடியது. “நேத்து நாம நனைஞ்ச மழை இப்பத்தான் வந்து சேருது” என்றார்.

“அது வராது ஆச்சி” என்றாள் மூத்தவள். “பேப்பாறை அணையில நிறுத்திருவாங்க. அப்புறம் அருவிக்கரையில நிறுத்துவாங்க. அங்கேருந்துதான் நம்ம வீட்டுக் குழாய்க்கே வருது.”

ஆச்சி வெற்றிலையைக் கிள்ளி, நரம்பு எடுத்தார்.

“அப்போ குழாயில வரும்லா. வரட்டும், மெதுவா வரட்டும்.”